மழைக்கு என்ன எடை? கோத்தகிரியில் குறும்படம் எடுக்கும் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்த ஊர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது படகர் கிராமம். இதுவரை மூன்று குறும்படங்கள் எடுத்திருக்கிறார். ஒன்று மூடுபனிக்குள் நடக்கும் காதல் தோல்வி, இன்னொன்று பழைய பங்களாவில் பேய், மூன்றாவது போதையில் சிக்கிய கல்லூரி மாணவன். மூன்றையும் பார்த்த அவருடைய ஆசிரியர், "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமே" என்றாராம். அதிலிருந்து தம்பிக்குக் கேமராவைத் தொடவே மனமில்லை. "எங்கள் ஊரில் ஒன்றும் நடப்பதில்லை. இருக்கிற அழகையும் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். கையில் ஒரு போனும் நண்பனின் பழைய கேமராவும்தான் இருக்கின்றன. கருவை எங்கே போய்த் தேடுவது? இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தால்தான் அது வருமா?" இதுதான் கேள்வி.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்கிறேன். பிறந்தது மேட்டுப்பாளையம், பதினைந்து வருடமாக இருப்பது கோத்தகிரி. அதனால் தம்பியின் மலையும் எனக்குத் தெரியும், அவர் மாட்டிக்கொண்டு நிற்கும் இடமும் தெரியும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் தேடும் கரு உங்கள் கடிதத்திலேயே ஒரு வரியில் இருக்கிறது. வேறெதையோ சொல்ல வந்து அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். "பேய்ப் படத்தின் உள்காட்சிகளை எங்கள் வீட்டிலேயே எடுத்தேன். அம்மா இலை பறிக்கப் போய்விடுவதால் பகலில் வீடு காலியாகத்தான் இருக்கும்." நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் கேமராவை வைத்தது அம்மா இல்லாத வீட்டில். அந்த நேரத்தில் அம்மா இருந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் படம் எடுக்கிறவரின் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். காலையில் இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் இறங்குகிறார்கள். சுற்றுலா விளம்பரத்தில் விரலால் இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளுவதைக் காட்டுவார்கள். நம் பக்கத்தில் பல தோட்டங்களில் இப்போது கத்தரிதான். அது இலையை வெட்டும் சத்தமும், வெட்டிய இலை அதன் பெட்டிக்குள் விழும் சத்தமும் ஒரு தாளமாகவே கேட்கும். பேச்சு நிற்கும்போது அந்தத் தாளம் மட்டும் இருக்கும். அப்புறம் மூட்டை கட்டுவது, தலையில் ஏற்றுவது, ரோட்டோரத்துக்குக் கொண்டுவருவது. அங்கே எடை போடுகிறார்கள். மழை நாள் என்றால் இலையில் ஒட்டியிருக்கும் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். சாக்கு எடைக்கும் கழிவு உண்டு. எவ்வளவு கழிப்பது என்பதில் சில நாள் சின்னதாக ஒரு வாக்குவாதம் நடக்கும். சில நாள் ஒரு பார்வையோடு முடிந்துவிடும். பிறகு நோட்டில் ஒரு எண்.

உங்கள் முதல் படத்தில் மழை எதற்காக வருகிறது? காதலன் நனைவதற்காக. அதே மழை உங்கள் அம்மாவின் மூட்டைக்குள் இறங்கி, தராசில் ஏறி, நோட்டில் கழிவாக விழுகிறது. மழைக்கு என்ன எடை? அந்த எடையை யார் தீர்மானிக்கிறார்கள்? சுமந்து வந்தவருக்கு அந்தத் தண்ணீரும் சுமைதானே, அதை யார் கணக்கில் வைப்பார்கள்? ஒரு பத்து நிமிடப் படத்தைத் தாங்க இவ்வளவு போதும். இதை வேறு யாராலும் உங்களைப்போல எடுக்க முடியாது. ஏனென்றால் அந்த எண்ணைத்தான் உங்கள் வீட்டில் மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கிறார்கள்.

உங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றியதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் மலையைப் படமெடுத்தவர்களில் பெரும்பாலோர் கீழேயிருந்து வந்தவர்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் நாட்களில் வருவார்கள், பத்து நாள் இருப்பார்கள், ஒரு பாட்டு எடுப்பார்கள், இறங்கிவிடுவார்கள். ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் சாலையில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் புல்வெளிகள் அப்படித்தான் பிரபலமாயின. ஒரு இடத்துக்கு 'ஷூட்டிங் மட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்களுக்கு அந்தப் புல்வெளி கனவு வரும் இடம். அதில் தப்பில்லை, அவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்த நீங்களும், சொந்த ஊரைப் பத்து நாள் தங்க வந்தவரின் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டீர்கள். உங்களிடம் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. ஆடி மாதக் காற்று, ஐப்பசி மழை, தை மாத உறைபனியில் கருகிய செடி, ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் போகும் கூட்டம், மே மாத நெரிசலில் ஊர் பஸ்ஸுக்கு இடமில்லாமல் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள்.

கரு என்றால் ஒரு சொல் என்று பழக்கிவிட்டார்கள். காதல், தனிமை, வறுமை, சுற்றுச்சூழல். போட்டிகளுக்கான படிவத்தில்கூட அதற்கு ஒரு கட்டம் இருக்கும். அந்தச் சொல்லிலிருந்து தொடங்கினால், சொல்லுக்குப் பொருத்தமான படம் தேடுவதே வேலையாகிவிடுகிறது. தனிமை என்றால் உடனே ஜன்னலோரம் ஒரு முகம், கண்ணாடியில் வழியும் மழைத்துளி. உங்கள் மூன்று படங்களிலும் இந்த ஷாட் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் தொகுத்த மாணவர் படங்களில் பாதிக்கு மேல் இருந்தது. என் அனுபவத்தில் நல்ல கரு ஒரு வேலைக்குள்ளிருந்து வருகிறது. யாரோ ஒருவர் தினமும் செய்யும் ஒரு வேலை. அதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்துக்கொண்டே இருந்தால், எங்கேயோ ஓரிடத்தில் ஒரு முரண் தட்டுப்படும். அந்த இடத்தில் கேமராவை வைக்க வேண்டும்.

மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-இல் ஓடத் தொடங்கியது, ஊட்டிவரை 1908-இல் வந்தது, 46 கிலோமீட்டர், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதையெல்லாம் பின்னணிக் குரலில் சொல்லி, மேலே ஒரு டிரோன் ஷாட்டும் பாலமும் புகையும் வைத்து நூறு வீடியோக்கள் இருக்கின்றன. அதில் நடக்கும் வேலையைப் பாருங்கள். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது என்ஜின் முன்னால் இருக்காது. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். டிரைவருக்கு எதிரே பெட்டிகள்தான் நிற்கின்றன. பாதையைப் பார்ப்பவர் முதல் பெட்டியின் முன்பக்கம் நிற்கும் பிரேக்ஸ்மேன். பெட்டிக்கு ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, முன்னால் இருப்பவர் கொடி காட்ட, அந்தச் செய்தி பின்னால் போகிறது. வழியைப் பார்க்கிறவரிடம் என்ஜின் இல்லை. என்ஜின் வைத்திருக்கிறவருக்கு வழி தெரிவதில்லை. மூடுபனி இறங்கினால் அந்தக் கொடி எத்தனை தூரம் தெரியும்? இந்த ஒரு ஏற்பாட்டுக்குள் நம்பிக்கையைப் பற்றி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 'நம்பிக்கை' என்று எழுதிவைத்துக்கொண்டு யோசித்திருந்தால் இந்த பிரேக்ஸ்மேனிடம் நாம் வந்தே சேர்ந்திருக்க மாட்டோம்.

இன்னொரு விஷயம். சினிமா படிக்கிற உங்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பெயர் ஃபிலிமோடு சேர்ந்தது. மத்திய அரசு 1960-இல் அங்கே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1967-இல் உற்பத்தி ஆரம்பமானது. 'இந்து' (INDU) என்ற பெயரில் போட்டோ ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் சினிமா ஃபிலிமும் அங்கிருந்து போயின. டிஜிட்டல் வந்தது, நிறுவனம் நலிந்தது, கடைசியில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்த இடம். ஃபிலிமில் மருந்து பூசுவதும் அதை வெட்டுவதும் இருட்டில்தான் நடந்தாக வேண்டும். வெளிச்சம் பட்டால் அத்தனையும் வீண். நாம் திரையில் பார்க்கிற வெளிச்சம் பதிவாகும் பொருளை, நம் மலையில் சிலர் ஆயுசு முழுக்க இருட்டில் நின்று செய்திருக்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் அங்கே இருட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் படம்பிடிக்கப் போனேன். கையில் ஒரு தாள் நிறையக் கேள்விகள். இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னார். எந்த வருடம் சேர்ந்தார், என்ன பதவி, எந்த மெஷின், எத்தனை ஷிஃப்ட். எல்லாம் சரியான தகவல். ஒன்றில்கூட உயிர் இல்லை. கேமராவை மூடிப் பையில் வைத்துவிட்டேன். டீ போடுகிறேன் என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சாயங்காலம் ஆறரை இருக்கும், மழைமேகம், வீட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. நான் போனில் டார்ச் போடத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் நேராகச் சமையலறைக்குள் நடந்துபோகிற சத்தம் கேட்டது. எதிலும் இடிக்கவில்லை, தடவவில்லை. ஒரு டப்பாவைத் திறந்தார், மூடினார், எடுத்த இடத்திலேயே வைத்த சத்தம் வந்தது. அடுத்த டப்பா. திறந்து, மூடி, அதே இடம். டீயோடு வந்தபோது கேட்டேன். "எடுத்ததை எடுத்த எடத்துல வெக்கலைன்னா அடுத்த ஆளோட கை அதைத் தேடி அலையுங்க" என்றார். அவருடைய மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அடுத்த ஆள் என்று யாரும் இல்லை.

கேமரா பையில் இருந்தது. நல்லவேளையாக மேஜை மேல் இருந்த ஒலிப்பதிவுக் கருவியை அணைக்க மறந்திருந்தேன். நாலு நிமிடம் இருட்டில் அந்த டப்பாக்களின் சத்தம் என்னிடம் வந்து சேர்ந்தது. படத்தின் தொடக்கத்தில் கறுப்புத் திரையில் அந்த நாலு நிமிடத்தையும் அப்படியே வைத்தேன். இரண்டு மணி நேரப் பேட்டியிலிருந்து நாற்பது விநாடி எடுத்திருப்பேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பேட்டி முடிந்ததும் கிளம்ப மாட்டேன். ஒரு டீ நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒலிக்கருவி ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடுகிறது என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். மறைத்துப் பதிவு செய்யக் கூடாது.

அதனால்தான் உங்களை முதலில் சத்தத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பத்து நாள் படமே எடுக்காதீர்கள். போனில் ஒலியை மட்டும், ஒரு நாளைக்கு மூன்று நிமிடம், ஒரே இடத்தில் அசையாமல் நின்று பதிவு செய்யுங்கள். தகரக் கூரையில் மழை, அதிகாலையில் பால் ஊற்றும் இடம், கடைசி பஸ் போனபிறகு கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு. தேயிலை ஃபேக்டரிக்குள் இரவில் அனுமதி கிடைத்தால் கட்டாயம் போங்கள். பகலில் பறித்த இலை சாயங்காலம்தான் வந்து சேரும் என்பதால் வேலை ராத்திரி முழுக்க நடக்கும். வாட்டும் தொட்டிகளில் காற்று ஓடும் சத்தம் ஒரு மாதிரி, அரைக்கும் மெஷின் வேறு மாதிரி, உலர்த்தி வேறு மாதிரி. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை உள்ளே போனால்தான் ஒரு கிலோ தூள் வெளியே வரும். மீதி பெரும்பாலும் தண்ணீர், ஆவியாகப் போய்விடுகிறது. பார்த்தீர்களா, மறுபடி தண்ணீரின் எடைக்கே வந்துவிட்டோம். ரோட்டோரத்தில் ஈரத்துக்குக் கழித்தது தனி, ஃபேக்டரியில் ஆவியாகப் போவது தனி. ஒரு வேலையைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போனால் இப்படித்தான் காட்சிகள் ஒன்றோடொன்று தாமாகவே பேச ஆரம்பிக்கும்.

பதிவு செய்ததை ராத்திரி ஹெட்ஃபோனில் கேளுங்கள். காற்று மைக்கில் மோதி 'புஸ்புஸ்' என்று கெடுத்திருக்கும். பஞ்சு போன்ற உறை போட்டால் பாதி குறையும், உடம்பைக் காற்றுக்கு மறைப்பாக வைத்துத் திரும்பி நின்றால் மீதியில் பாதி குறையும். எந்த இடத்தில் படம் எடுத்தாலும் கிளம்பும் முன்னால் எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் சும்மா இருக்கும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தொகுக்கும்போது வெட்டுகளை ஒட்டவைக்கிற பசை அதுதான். மாணவர்கள் கொண்டுவரும் படங்களில் நான் முதலில் கேட்பது அதைத்தான், பெரும்பாலும் இருக்காது.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போதே மொழியையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டில் படகு மொழி பேசுகிறீர்கள். உங்கள் படங்களில் எல்லோரும் சென்னைத் தமிழ் பேசுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "அப்படித்தானே சினிமாவில் பேசுவார்கள்" என்ற காரணத்தோடு. ஆசிரியர் சொன்ன குறைக்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவது படகு மொழியில், தோட்டத்தில் கூட வேலை செய்யும் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெண்களோடு பேசுவது தமிழில், எடை போடுகிறவரிடம் பேசும்போது அந்தத் தமிழே கொஞ்சம் மாறிவிடும். இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களின் பேச்சில் வேறொரு மலையின் சொற்கள் இன்னும் இருக்கின்றன. ஒரே தேயிலை வரிசையில் இத்தனை குரல். அப்படியே பேசவிடுங்கள், கீழே வரிகளில் தமிழ் போடுங்கள். நடிகர்களை வைத்து எடுத்தாலும் வசனம் எழுதிக் கொடுக்காமல் சூழ்நிலையை மட்டும் சொல்லி அவரவர் மொழியில் பேசச் சொல்லிப் பாருங்கள்.

இனி கேமரா. மூடுபனியில் எடுத்த காட்சிகள் சாம்பல் பூத்தமாதிரி அழுக்காக வந்தன என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். காரணம் எளிது. கேமராவின் ஒளி அளவி, எதிரே இருப்பது எதுவானாலும் நடுச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே பார்க்கும். வெள்ளையான பனியையும் சாம்பலாக்கிவிடும். அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வையுங்கள். போனில் என்றால் திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு மேலே நகர்த்தினால் கூடும். பூட்டாமல் எடுத்தால் பனி நகர நகரப் படமும் வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள். இன்னொன்று, வெறும் பனி திரையில் வெறும் வெள்ளைத்தாள்தான். பக்கத்தில் கறுப்பாக ஒன்று வேண்டும். ஒரு சில்வர் ஓக் மரத்தண்டு, கம்பளி போர்த்திய ஒரு தோள். அப்போதுதான் பனிக்கு ஆழம் வரும். நம் மஞ்சு, அதாவது மூடுபனி, ஐந்து நிமிடத்தில் வந்து ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காட்சியின் முக்கியமான ஷாட்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள், அழகான தூரத்து ஷாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

குளிரிலிருந்து ஃபேக்டரியின் சூட்டுக்குள் கேமராவோடு நுழைந்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். வெளியிலேயே பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே போய்ச் சூடு ஏறியபிறகு பிரியுங்கள். துடைத்துத் துடைத்து எடுக்க முயலாதீர்கள். டியூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் மினுக்கல் வராது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். மார்கழி தையில் பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். கருவியைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் போன் இந்தப் படத்துக்குத் தாராளம்.

எடுப்பதைவிடத் தொகுப்பில்தான் நீங்கள் அதிகம் கற்றுக்கொள்வீர்கள். இது என் தொழில் என்பதால் சொல்லவில்லை. நூறு வருடங்களுக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். முகம் மாறவேயில்லை. பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் ஒன்றில் துக்கத்தையும் கண்டார்கள். பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை வீட்டில் செய்து பாருங்கள். அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு தராசு முள்ளை வையுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் நீங்கள் ஏறுவதை வையுங்கள். பிறகு மூட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரை வையுங்கள். மூன்றும் மூன்று படம். எது உங்களை நிறுத்துகிறது என்று பாருங்கள். எனக்கென்னவோ இரண்டாவதைப் பார்க்கும்போது நீங்கள் கொஞ்சம் தடுமாறுவீர்கள் என்று தோன்றுகிறது. அப்படித் தடுமாறினால் படத்தில் நீங்களும் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதைத் தவிர்க்காதீர்கள். அந்தக் கழிவு போக மிஞ்சியதில்தான் உங்கள் கல்லூரிக் கட்டணமும் இருக்கிறது.

காலம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். செமஸ்டருக்குள் முடிக்க வேண்டிய படத்தை முடித்துக் கொடுத்துவிடுங்கள், அது வேறு கணக்கு. இதை ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். சத்யஜித் ராய் தன் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்கு 1952 அக்டோபரில் காஷ் புல் பூத்திருந்த வெளியில் காட்சி எடுத்தார். அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போனபோது மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த வருடம் பூக்கும்வரை காத்திருந்து எடுத்து முடித்தார். நம் முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமில் எடுத்து 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம் நாற்பது நிமிடச் சொச்சம்தான். ஊட்டியில் வளர்ந்த அதன் இயக்குநர் அதற்கு ஐந்து வருடம் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் கவாத்து வெட்டிய செடி மறுபடி பறிப்புக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் அந்தத் துண்டு நிலத்திலிருந்து வருமானம் இல்லை. மொட்டையாக நிற்கும் அந்தச் செடியையும், தளிர் விடும்போதும், மறுபடி அம்மா அதன்மேல் கத்தரி வைக்கும்போதும் ஒரே இடத்தில் கேமராவை வைத்து எடுத்தால், வேறு எந்த உத்தியும் இல்லாமல் காலம் போவது திரையில் தெரியும்.

அனுமதி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளிலும் மற்ற பழங்குடிக் கிராமங்களிலும் கேட்காமல் கேமராவோடு நுழைகிறவர்கள் அந்த மக்களை எவ்வளவு களைப்படைய வைத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்த்திருக்கிறேன். முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள், ஊர்ப் பெரியவரிடம் என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், முடிந்ததும் முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். வனத்துறை நிலத்தில் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எதுவும் கூடாது, டிரோன் பக்கமே போகாதீர்கள். தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் ஷாட்டை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்ஸ்டிட்யூட் பற்றி. புனேயில் 1960-இல் தொடங்கியது இருக்கிறது, கொல்கத்தாவில் 1995 முதல் சத்யஜித் ராய் பெயரிலானது இருக்கிறது, சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். பெயரிலானது இருக்கிறது. மூன்றுமே நல்ல இடங்கள். கருவிகள் கிடைக்கும், இரவெல்லாம் படம் பார்த்து சண்டைபோட நண்பர்கள் கிடைப்பார்கள், அது பெரிய பாக்கியம். டிகிரி முடித்தபிறகு தாராளமாக எழுதுங்கள். ஆனால் அங்கே போய்க் கருவைத் தேடிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். உங்கள் கேள்வியோடு போனால் அவர்கள் கற்றுக்கொடுப்பது ஒவ்வொன்றும் அதில் வந்து ஒட்டும். அது கையில் இல்லாமல் போனவர்கள் அழகாக எடுக்கத் தெரிந்துகொண்டு வந்து, எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக எனக்கு வருத்தம்தான்.

இப்போது என்ன செய்வது? முதலில் அம்மாவிடம் கேளுங்கள். மகன்தானே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எடை போடும் இடத்தில் கேமரா நின்றால் அவருக்குத் தொந்தரவு வருமா என்று கேளுங்கள். அங்கே அவர் அடுத்த நாளும் மூட்டையோடு போக வேண்டியவர். அவர் முகம் வேண்டாம் என்றால் கையையும் மூட்டையையும் மட்டும் எடுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் வீட்டில் அவர் அந்த நோட்டைக் கூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து குரலை மட்டும் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். எடை போடுகிறவரிடமும் பேசுங்கள், அவரும் மேலே யாருக்கோ கணக்குச் சொல்ல வேண்டியவர்தான், அவரை வில்லனாக்கிவிடாதீர்கள்.

கோத்தகிரிப் பக்கம் மழை ஐப்பசி கார்த்திகையில்தான் அதிகம். அதற்கு முன்னால் நல்ல வெயிலில் ஒரு வாரம் போய், காய்ந்த இலை தராசில் ஏறுவதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே தராசு, அதே கேமரா உயரம், அதே தூரம். தரையில் முக்காலி நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து வையுங்கள், மழை வந்து அழித்தாலும் தெரிகிறமாதிரி பக்கத்தில் ஒரு கல்லையும் நட்டுவிடுங்கள். மழை தொடங்கியதும் அங்கேயேதான் வந்து நிற்க வேண்டும்.